ரிவர்ஸ் கியர் இல்லாத காரை ரிவர்ஸ் எடுப்பது எப்படி?

கேள்வி: ஒரு கார் மியூசியத்தில் மூன்று சக்கரக் குட்டிக் காரைப் பார்த்தேன். ரிவர்ஸ் கியரே கிடையாது என்று பலகையில் எழுதியிருந்தது. சந்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்களாம்?

பதில்: இறங்கி இழுப்பார்கள், வேறென்ன! நீங்கள் பார்த்தது அநேகமாக பீல் பி50. ஐல் ஆஃப் மேன் தீவில் 1960களில் செய்தது. நீளம் 137 சென்டிமீட்டர்தான், எடை 60 கிலோவுக்குப் பக்கம். ஒரு கதவு, ஒரு சீட், ஒரு ஹெட்லைட். அடுத்த முறை போனால் வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துத் தூக்கி, டிராலி பெட்டியைத் திருப்புவது போல வண்டியையே திருப்பிவிடலாம்.

ஆனால் ரிவர்ஸ் விஷயத்தில் என்னை அசத்தியது மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 என்ற ஜெர்மன் மூன்று சக்கரக் குட்டிக் கார்தான். விமானத்தின் மூடி மாதிரி மேலே கண்ணாடிக் கூண்டு, ஓட்டுபவருக்குப் பின்னால் இன்னொருவர், பார்த்தாலே சிரிப்பு வரும். அதிலும் தனியாக ரிவர்ஸ் கியர் இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடும் என்பதால், எஞ்சினை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்படி மறுபடி ஸ்டார்ட் செய்ய வழி வைத்திருந்தார்கள். அப்புறம் இருக்கிற நான்கு கியரும் ரிவர்ஸ் கியர்தான்! முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகலாம், துணிச்சல் இருந்தால்.

ஃபோர்டு கம்பெனியின் பழைய மாடல் டி கார் இதற்கு நேர் எதிர். ரிவர்ஸ் இருந்தது, ஆனால் அதை மேடு ஏறவும் பயன்படுத்தினார்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்கு வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கினால், டேங்கில் கொஞ்சமாக இருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு எட்டாது. அதனால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலை ஏறியிருக்கிறார்கள்.

கேள்வி: இந்த விசித்திர வண்டிகளெல்லாம் பணக்காரர்களின் வெட்டி பந்தாதானே?

பதில்: சிலது அப்படித்தான், மறுக்கவில்லை. நெதர்லாந்தில் ஹேக் நகரின் லௌமன் மியூசியத்தில் ஓர் அன்னக் கார் இருக்கிறது. 1910 வாக்கில் கல்கத்தாவில் வசித்த ஒரு பிரிட்டிஷ் பணக்காரர் சொல்லிச் செய்த வண்டி. முன்பக்கம் முழுக்க அன்னப்பறவையின் கழுத்தும் தலையும், கூட்டத்தை விலக்க அலகிலிருந்து நீராவி பீய்ச்சும். தெருவில் வந்ததும் ஜனம் மிரண்டு ஓட, போலீஸ் தடை போட்டுவிட்டது. சரி, பந்தாதான். ஆனால் சக்கரத்தில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்க ஒரு பிரஷ் வைத்தார்களே, அந்தப் பிரஷை யோசித்த ஆள் நிஜமாகவே தெருவைப் பார்த்தவர்.

கேள்வி: பெயின்ட் உரிந்த, சீட் கிழிந்த பழைய காரை அப்படியே வைத்திருக்கிறார்களே, சோம்பேறித்தனமா?

பதில்: இல்லை. பெயின்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் பெயின்ட் ஒரு தடவைதான். ஓட்டியவர் கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கைப் புதுசாக்கிவிட்டால் பார்க்க என்ன மிச்சம்? எனக்குக் கேட்டால், பளபளப்பான வண்டியைப் பார்த்துதான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். உதாரணமாக, 1886இன் பென்ஸ் மூன்று சக்கர வண்டி உலகம் முழுக்கப் பல மியூசியங்களில் நிற்கிறது, பெரும்பாலும் நகல்தான். முதல் வண்டி மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. பலகையைப் படித்துவிட்டு போட்டோ எடுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு போகிறோம். போரடிக்காமல் எதைக் காட்டலாம்?

பதில்: பிஎம்டபிள்யூ இசெட்டா என்ற குட்டிக் கார் இருந்தால் நேராக அங்கே போங்கள். பக்கவாட்டில் கதவைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. ஃப்ரிட்ஜ் மாதிரி முன்பக்கம் முழுவதும் திறக்கும், ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும்.