ஓவனின் கடை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கூட்டுறவு பற்றிய கட்டுரையில் பிரிட்டிஷ் ஆலை முதலாளி ராபர்ட் ஓவனை இவ்வளவு உயர்த்தியிருக்கிறீர்கள். எல்லோரும் சமமாகச் சேர்ந்து வாழலாம் என்று 1825இல் அவர் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஹார்மனி குடியிருப்பு இரண்டே வருடத்தில் கலைந்துவிட்டது. ஆலைத் தொழிலாளியின் கஷ்டத்தைத் தீர்த்தது சட்டம்தானே, கற்பனாவாதம் என்ன செய்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியூ ஹார்மனி தோற்றது உண்மை. ஆனால் சட்டம் என்கிறீர்களே, பஞ்சாலையில் ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது என்ற 1819ஆம் வருடச் சட்டத்துக்காக முதலில் அலைந்தவர் ஓவன்தான். அவர் கேட்டது பத்து வயது. ஸ்காட்லாந்தில், தன்னுடைய நியூ லனார்க் ஆலையில் அதை நடத்திக் காட்டிவிட்டுத்தான் கேட்டார்.

1816இல் அங்கே பள்ளிக்கூடம் திறந்தார். சுவரில் மிருகப் படங்கள். பிள்ளைகளை அடிக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளி.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் நடத்திய கடை. அந்தக் காலத்தில் பல ஆலை ஊர்களில் வாங்கிய கூலி முதலாளியின் கடைக்கே திரும்பிப் போகும். சரக்கு மட்டம், விலை அதிகம், கடன் தீராது. ஓவன் நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குச் சற்று மேலே விற்றார். அந்த லாபம் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கும். நேற்றைய வேலை மோசமென்றால் கருப்புப் பக்கம் முன்னால் திரும்பியிருக்கும். அடி உதை இல்லை, சரி. ஆனாலும் எல்லோரும் பார்க்க அந்தக் கருப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நூற்பது கொடுமை. ஊரை எப்படி நடத்தலாம் என்று தொழிலாளிகளிடம் அவர் கேட்கவும் இல்லை.

சேர்ந்து முடிவெடுத்து நடத்துவதைத் தொழிலாளிகளே செய்து காட்டினார்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் காசு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். ஓவன் வழியில் வந்தவர்கள் அவர்களில் பலர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கிடையாது, எடை குறையாது, ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இந்த வழியில் வந்ததுதான்.

ராச்டேல்காரர்களின் முதல் விதிமுறைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். கடை திறப்பது, வீடு கட்டுவது என்று போகிற அந்தப் பட்டியலில், முடிந்த அளவு சீக்கிரம் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் ஒரு குடியிருப்பை அமைப்பது என்றும் எழுதியிருக்கிறார்கள். நியூ ஹார்மனி கலைந்து 17 வருடம் கழித்து.