நாய் விழுங்கியது ஒரு சாக்ஸ், கரைந்தது ஒன்றரை மாதச் சம்பளம்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது நாயும் ஏழு வயது ஆண் பூனையும் இருக்கின்றன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். போன மாதம் எங்கள் ஜிம்மி ஒரு சாக்ஸை விழுங்கிவிட்டான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. வாந்தி எடுக்கிறான் என்று பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டினோம், ஊசி போட்டு அனுப்பினார். நிற்கவில்லை. கட்டணம் குறைவு என்று தெரிந்தவர்கள் சொன்ன இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்றார். நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் எல்லாம் எடுத்து, ஸ்கேனும் பார்த்து, அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். மொத்தச் செலவு எங்கள் இருவருடைய ஒன்றரை மாதச் சம்பளம். பாதியைச் சேமிப்பிலிருந்து கொடுத்தோம், மீதி கிரெடிட் கார்டில் நிற்கிறது. "ஒரு நாய்க்கு எவ்வளவுதான் செலவு செய்வது, எங்கேயாவது நிறுத்த வேண்டாமா?" என்கிறார் கணவர். காப்பீடு எடுக்கலாமா? கட்டணம் குறைவான நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஜிம்மி பிழைத்துக்கொண்டான், நல்லது. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான பதில் பாதி அதிலேயே வந்துவிடும்.

நீங்கள் அனுப்பியிருந்த பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று டாக்டர்களின் ஆலோசனைக் கட்டணத்தையும் கூட்டினால்கூட மொத்தத்தில் அது ஒரு மூலைக்குத்தான் வரும். பணம் போனது வேறு இடங்களில். ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை, எக்ஸ்ரே இரண்டு தடவை, இரவு நேர அவசரக் கட்டணம், குடல் அறுவை சிகிச்சை, அதற்கப்புறம் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு உள்நோயாளியாகக் கிடந்த நாட்கள். எலும்பும் உலோகமும் எக்ஸ்ரேயில் தெரிவதுபோலத் துணி தெளிவாகத் தெரியாது. இரண்டாவது டாக்டரின் கண்ணில் அது படாததில் ஆச்சரியம் இல்லை. ஏற்கெனவே ஓர் ஊசி போட்டும் வாந்தி நிற்கவில்லை என்பது அவரிடம் சொல்லப்பட்டதா, முதல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அவரிடம் காட்டப்பட்டதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. விழுங்கிய பொருள் வயிற்றில் இருக்கும்வரை டாக்டரே மருந்து கொடுத்து வாந்தியாக வெளியே கொண்டுவர முடியும், அல்லது எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்து எடுக்கலாம். குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் கத்தி வைத்தே ஆக வேண்டும். (வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே உயிரைக் குடிக்கும்.)

ஆக, டாக்டர் மாற்றி டாக்டர் என்று போன அந்த நான்கு நாட்களுக்குத்தான் நீங்கள் அதிக விலை கொடுத்திருக்கிறீர்கள். கட்டணம் குறைந்தவரைத் தேட வேண்டாம். பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடிகிற ஒருவரைத் தேடுங்கள். தேடி முடித்ததும் அவரிடமே நில்லுங்கள், விலங்குகளுடைய மருத்துவக் கோப்பு முழுவதும் அவரிடமே இருக்கட்டும். டாக்டர் மாறினால் ஒவ்வொரு தடவையும் பரிசோதனை முதலிலிருந்து தொடங்கும், அதற்கான பணமும்தான்.

தேடும்போது எதைக் கேட்பது? கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை, அதை முடித்துவிடுங்கள். அப்புறம், விலங்குகள் நன்றாக இருக்கும் ஒரு நாளில் நேரில் போய், "இரவு பதினோரு மணிக்கு நாய்க்கு மூச்சுத் திணறினால் நான் எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள். இங்கேயே வாருங்கள் என்று சொல்லலாம், அல்லது இன்ன ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் பேசிவிடுகிறேன் என்று சொல்லலாம். இரண்டும் நல்ல பதில்தான். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் இல்லை. உள்நோயாளியாகச் சேர்த்தால் இரவில் பக்கத்தில் ஆள் இருப்பார்களா என்றும் கேளுங்கள். பூட்டிவிட்டுப் போகும் இடங்களும் உண்டு. மயக்க மருந்து கொடுக்கும்போது அறுவை சிகிச்சை செய்கிறவரைத் தவிர, மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

இனி பணம். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், அதில் ஒரே தொகை போதாது. நல்லபடியாகப் போனால் இவ்வளவு, சிக்கல் வந்தால் இவ்வளவு என்று இரண்டு தொகை வேண்டும். மேல் எல்லையைத் தாண்டப்போகிறது என்றால் எனக்கு முதலில் போன் செய்யுங்கள் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு பரிசோதனையைப் பரிந்துரைத்தால், "இதன் முடிவைப் பொறுத்து நீங்கள் கொடுக்கப்போகும் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் தயங்காமல் எடுக்க வேண்டிய பரிசோதனை அது. எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால், சில நாள் பொறுக்க முடியுமா என்று பேசலாம். ஓயாமல் சொறிந்துகொள்ளும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமைக்கான பெரிய பரிசோதனைகளுக்கு முன்னால், தெள்ளுப்பூச்சிக்கு ஒழுங்காக மருந்து போட்டு, சில வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்வது முறையான வைத்தியமே. அதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை.

அதேபோல, "என்னால் இந்த மாதம் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எதை முதலில் செய்வீர்கள்?" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்காமல் வரிசைப்படுத்திச் சொல்கிறவர்தான் உங்களுக்கான டாக்டர். எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். டாக்டருக்கு உங்கள் சம்பளம் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே மருந்து வாங்குவது, அதே மூலப்பொருளில் விலை குறைந்த மாற்று உண்டா என்று விசாரிப்பது இதெல்லாம் சாதாரண விஷயம். அவசரமில்லாத சிகிச்சைக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆஸ்பத்திரிகளையும் விசாரியுங்கள். கட்டணம் குறைவாக இருக்கும், காத்திருக்கும் நேரம் கூடுதலாக இருக்கும்.

மிச்சப்படுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. மனிதர்களுக்கான மருந்தை நீங்களாகக் கொடுப்பது. பூனையின் உடலால் பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்ற முடியாது, ஒரு மாத்திரையே கொன்றுவிடக்கூடும். ஐபுபுரூஃபன் என்ற வலிநிவாரணி நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதற்கு வரும் பில்லின் முன்னால் சாக்ஸ் பில் சாதுவாகத் தெரியும்.

இப்போது மாத வரவு செலவு. பிராணிகளுக்கான செலவை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். முதலாவது, வரும் என்று தெரிந்த செலவு: உணவு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, வருடாந்திரப் பரிசோதனை. போன வருடப் பில்களைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் மாதத் தொகை வந்துவிடும். இதில் வெட்டாதீர்கள். பார்வோ வைரஸ் தாக்கிய நாய்க்குட்டி நாட்கணக்கில் ட்ரிப்ஸில் கிடக்கும், பிழைப்பதும் நிச்சயமில்லை. அதைத் தடுப்பது சில தடுப்பூசிகள்தான். ஆனால் எல்லா ஊசியும் எல்லா வருடமும் தேவையில்லை. குட்டிப் பருவ ஊசிகளும் அடுத்த பூஸ்டரும் முடிந்த நாய்க்கு, டிஸ்டெம்பர் (இதுவும் ஒரு கொடிய வைரஸ் நோய்), பார்வோ ஊசிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதே உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) ஊசி வருடா வருடம் வேண்டும், ரேபிஸுக்கு உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். "இந்த வருடம் எது தேவை, ஏன்?" என்று கேட்டாலே போதும். எடையையும் பாருங்கள். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உணவு பெற்ற நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்களாவது எட்டிய வயது) 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாக உண்ட நாய்களுக்குத் தாமதமாகத்தான். இந்த வைத்தியத்துக்குச் செலவே இல்லை, உணவுச் செலவும் குறைகிறது.

இரண்டாவது, திடீர்ச் செலவு. உங்களுக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது: ஒன்றரை மாதச் சம்பளம். அதை இரண்டு வருடத்தில் சேர்க்க மாத வருமானத்தில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் ஒதுக்க வேண்டும், மூன்று வருடம் என்றால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். தனிக் கணக்கில் போடுங்கள், வீட்டுச் செலவுக் கணக்கில் இருந்தால் காணாமல் போய்விடும். மூன்றாவது, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி போன்ற நீண்டகால நோய்கள். இப்படி ஒன்று வந்தால் அதை அவசர நிதியிலிருந்து எடுக்காமல் மாதச் செலவில் ஒரு வரியாகவே சேர்த்துவிடுங்கள்.

காப்பீட்டுக்கு என் பதில்: அந்த நிதி சேரும்வரை எடுக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் முதலில் நீங்கள் பணம் கட்டிவிட்டுப் பிறகுதான் கிளெய்ம் வாங்க வேண்டும், எனவே கையில் பணம் அப்போதும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஜிம்மியின் இந்த அறுவை சிகிச்சையை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள், மறுபடி எதையாவது விழுங்கினால் தருவார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு காலில் முழங்கால் தசைநார் அறுந்திருந்தால் மறு காலையும் பழைய நோய் என்று ஒதுக்கும் பாலிசிகள் உண்டு. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், பத்து வயதில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் உங்கள் பங்கைக் கழிக்கும் வரிசையையும் பாருங்கள். பில் 100, நீங்கள் ஏற்க வேண்டிய அடிப்படைத் தொகை 20, மீதியில் உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20-ஐக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டால் 64 கைக்கு வரும். சதவீதம் போட்ட பிறகு 20-ஐக் கழித்தால் 60 தான். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கணவர் கேட்டது கல்நெஞ்சக் கேள்வி என்று நினைக்காதீர்கள். பிராணிகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் எல்லை வேண்டும். அதை ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நள்ளிரவில் அழுதுகொண்டே முடிவு செய்யக் கூடாது என்பதுதான் முக்கியம். இருவரும் உட்கார்ந்து, கடன் வாங்காமல் போகக்கூடிய தொகை எது, கடன் வாங்கியாவது போகக்கூடிய தொகை எது என்று இரண்டையும் எழுதி வையுங்கள். தொகை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு வயது நாய்க்கு, செய்தால் முழுக்கக் குணமாகும் அறுவை சிகிச்சை ஒரு கணக்கு. பதினான்கு வயதில், வலியோடு சில வாரம் நீட்டிக்கும் சிகிச்சை வேறு கணக்கு. அப்படிப்பட்ட நிலையில் வலியைக் குறைக்க மட்டும் வைத்தியம் செய்வதும், தேவைப்பட்டால் கருணையோடு விடைகொடுப்பதும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கக்கூடிய வழிகள்தான்.

கார்டு பாக்கியை இந்த மாதமே கவனியுங்கள். மாத வட்டி 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று தோன்றும், கூட்டு வட்டியில் அது 42-ஐத் தாண்டிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போகாதீர்கள். வட்டி குறைந்த தனிநபர் கடனுக்கு மாற்ற முடிகிறதா பாருங்கள். ஒரு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச சேமிப்பைக் கார்டில் கட்டிவிடுங்கள். அது முடியும்வரை பிராணி நிதிக்குப் பெயரளவில் ஒரு சிறு தொகை போதும்.

புது டாக்டரிடம் முதலில் ஜிம்மியைக் கொண்டுபோக வேண்டாம், பூனையைக் கொண்டுபோங்கள். ஏழு வயதாகிறது, கடிதத்தில் அதன் உடல்நிலை பற்றி ஒரு வரிகூட இல்லை. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சகஜம், இப்போதே ரத்தமும் சிறுநீரும் பார்த்து வைத்தால் பின்னால் ஒப்பிட அளவு இருக்கும். ஆண் பூனை என்பதால் இன்னொன்று: மண் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பயந்துபோன பூனையை அந்த டாக்டர் எப்படிக் கையாள்கிறார், பரிசோதனைக்கு முன்னால் செலவைச் சொல்கிறாரா, முடிவுகளின் நகலைக் கேட்டால் தருகிறாரா என்று அந்த ஒரு சந்திப்பிலேயே பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள், இப்போது அவசரம் இல்லை.