பூநாரையா, கல்லறையா? பழவேற்காட்டுக்கு ஒரு நாள் பயணம்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு ஒரு நாள் சுற்றுலா என்று ஒரு குழுவினர் அழைக்கிறார்கள். வழிகாட்டி உண்டு. காலை 7 மணிக்கு வேன் புறப்படும். பூநாரை (ஃபிளமிங்கோ), டச்சுக் கல்லறை, ஏரியில் படகுச் சவாரி, கடல் குளியல், மதியம் நண்டுக் குழம்போடு சாப்பாடு, இரவு 8 மணிக்குள் வீடு. தலைக்கு 2,200 ரூபாய். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. மகளுக்கு 9 வயது, பூநாரை பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். நம்பிப் போகலாமா?

பதில்: பழவேற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம். இரண்டு தனித்தனி ஊர்களில் பார்க்க வேண்டியவற்றை ஒரே நாளில் அடைத்திருக்கிறார்கள். அது போதாதென்று, கூடாத ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நம் பக்கம். பழவேற்காடு என்ற ஊர் அந்தத் தெற்கு முனையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கத்தில் இருக்கிறது. பூநாரைகளைத் தரையில் நின்றபடியே வசதியாகப் பார்க்கும் இடமோ வடக்கே, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர். ஏரியைச் சுற்றிக்கொண்டு, திரும்ப நெடுஞ்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் வேனிலேயே போய்விடும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலத்தின் இரு ஓரங்கள் என்பதால், ‘அங்கே போனால் இதையும் பார்த்துவிடலாம்’ என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

ஆகவே குழுவினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பூநாரையை எந்த இடத்தில் நின்று காட்டுவீர்கள்?” சூலூர்பேட்டைச் சாலை என்றோ, நம் பக்கத்தில் அண்ணாமலைச்சேரி என்றோ சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள். “படகில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் தெரியும்” என்றால், அப்போதே விட்டுவிடலாம்.

படகைப் பற்றி இதற்கு மேல் மென்மையாகச் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, இங்கே உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை இருந்தும் கரையில் நின்று “வாங்க சார், ஒரு ரவுண்டு” என்று கூப்பிடுபவர்கள் உண்டு. ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தானே என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடையில் ஆழமும் இழுப்பும் வேறு. மீன்பிடிப் படகு வலையையும் நாலைந்து பேரையும் சுமக்கச் செய்தது. அதில் பதினைந்து பேர் ஏறி, எல்லோரும் செல்ஃபிக்காக ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு குழு தன் திட்டத்திலேயே படகை எழுதி வைத்திருக்கிறது என்றால், ஒன்று அவர்களுக்குத் தடை தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை. எதுவாக இருந்தாலும் உங்கள் குழந்தையை அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

கடல் குளியலும் அப்படித்தான். பழவேற்காட்டில் பாலம் கடந்து கலங்கரை விளக்கக் குப்பம் போனால் அழகான, ஆளில்லாத கடற்கரை இருக்கிறது. மணலில் உட்காரலாம், காலை நனைக்கலாம். குளிக்க வேண்டாம். கடல் இறங்கும் நேரத்தில் ஏரித் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியாக வெளியே ஓடும். மேலே அலையே இல்லாததுபோல் தெரியும், அடியில் இழுக்கும். மெரினாவைப்போல் காவலுக்கு ஆள் நிற்கும் இடமும் இல்லை.

சரி, பூநாரைக்கு வருவோம். உங்கள் மகள் சரியான மாதத்தைத்தான் பிடித்திருக்கிறாள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். மழை நின்று தண்ணீர் மெல்ல இறங்கும்போது, சேறும் கணுக்கால் அளவு நீருமாக இடங்கள் வெளிப்படும். பூநாரைக்கு வேண்டியது அதுதான். அதனால் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை அடித்து ஊற்றிய வருடங்களில் ஜனவரியிலும் நீர் மட்டம் இறங்காமல் இருக்கும், பறவைகள் தள்ளித்தள்ளி நிற்கும். நல்ல வழிகாட்டி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே யாரிடமாவது போனில் கேட்டு “இந்த வாரம் தண்ணீர் இப்படி இருக்கிறது” என்று சொல்வார். அதை நீங்களே கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஆனால் 7 மணிக்குப் புறப்படுவது மோசமான யோசனை. நான் முதன்முதலில் போனது இப்படி ஒரு குழுவோடுதான். நடுவில் டிபன், டீ, ஒருவர் மறந்த பர்ஸ் என்று இழுத்து, ஏரிச் சாலையை எட்டியபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதன்மேல் கானல் நெளிகிறது. தொலைநோக்கியை எவ்வளவு திருகினாலும் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோலவே இருந்தது. வழிகாட்டி “அதோ, அதுதான் ஃபிளமிங்கோ” என்றார். அது உப்புப் படிவு என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

உங்கள் வீட்டிலிருந்து 5 மணிக்கே கிளம்புங்கள். சூலூர்பேட்டை சுமார் 80 கிலோமீட்டர். கொல்கத்தா நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு வழி காலியாக இருக்கும். ஊருக்குள்ளேயே ஏதாவது ஒரு ஓட்டலில் டீயும் கழிப்பறையும் முடித்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏரிச் சாலையில் ஏறிவிட்டால் எந்த வசதியும் கிடையாது. அந்தச் சாலை மேற்கிலிருந்து கிழக்காக ஏரிக்கு நடுவே ஓடுகிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்குப் பக்கம் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல்கள்தான். இவ்வளவு சின்ன விஷயத்தால் பாதிப் பேர் ‘படத்தில் இருக்கிற ரோஸ் கலரே இல்லையே’ என்று ஏமாந்து திரும்புகிறார்கள்.

நிறத்தைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இங்கே வருவது பெரும்பாலும் பெரும் பூநாரை. நிற்கும்போது வெளுப்பாகத்தான் இருக்கும், ரோஜா நிறம் லேசாகத் தடவியதுபோல். இறக்கையை விரிக்கும்போதுதான் உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் வெளியே வரும். கூட்டம் மொத்தமாக எழும்பினால் வானத்தில் யாரோ சேலையை உதறியது மாதிரி இருக்கும். அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்குமே, அவை வேறு பறவைகள் அல்ல, இளசுகள். சின்னச் சின்ன இறால் வகைகளிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் வருடக்கணக்கில் சேர்ந்து சிவப்பாகிறது. சாப்பிடும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி அடியில் போக, நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்துச் சல்லடைபோல் வடிகட்டும். உயரம் நாலு அடிக்கு மேல், கிட்டத்தட்ட உங்கள் மகள் அளவு.

ஒருவேளை பூநாரை தூரத்தில் நின்றால் நாள் வீணாகிவிடாது. கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, தலைக்கு மேலே செம்பருந்து என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு இதைவிட நிச்சயமான இடம் சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் நேலபட்டு. சின்ன ஏரிதான். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், ஜனவரியில் கூடுகள் நிறைந்திருக்கும். குஞ்சு தாயின் வாய்ப்பைக்குள் தலையை நுழைத்து மீன் எடுப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மாமியாருக்கும் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வசதி.

ஸ்ரீஹரிகோட்டா பக்கம் இரண்டு எச்சரிக்கைகள். ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் சூலூர்பேட்டையில் கூட்டமும் கெடுபிடியும் அதிகம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வந்தால் அதை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். விண்வெளி மையத்துப் பாதுகாப்புப் படையினருக்குப் பறவைப் படம் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது.

பழவேற்காட்டு ஊரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழிகாட்டிக் குழுவே அவசியமில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் உங்கள் தண்டையார்பேட்டை வழியாகத்தானே போகிறது? பொன்னேரியில் இறங்கினால் பேருந்து. டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இன்றைக்குக் கோட்டை என்று தேடினால் புதர்தான் கிடைக்கும். கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும்; ஒன்பது வயதுக்குப் பூநாரையைவிட இது பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. வழிகாட்டி வைத்துக்கொண்டால், துணி, மசாலா என்று நிறுத்திவிடாமல் இங்கிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதையும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்பவர் படித்தவர்.

அங்கே நான் அதிக நேரம் நிற்பது கல்லறையில் அல்ல, மீன் இறங்கும் கரையில். ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு மீனவ ஊர்களுக்குள் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். ஆழமில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீருக்குள் நடந்தபடி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதையும் பார்க்கலாம். பிடித்தது ‘பறி’ என்ற ஓலைக் கூடைக்குள் போகும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை நேரம்.

நண்டு விஷயத்தில் மட்டும் அந்தக் குழுவோடு எனக்குச் சண்டையில்லை. பழவேற்காட்டு நண்டு பேருக்கேற்ற நண்டுதான். வாங்கிக்கொண்டு வருவதென்றால் கொடுக்கைக் கட்டி உயிரோடு வைத்திருப்பதையே வாங்குங்கள். அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். மாமியாருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் முழங்கால் ஒத்துழைத்தால் பேரம் பேசும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.