வெள்ளைப்படுதலும் ஒரு நாள் கூலியும்

கேள்வி: எனக்கு வயது 31. தருமபுரி பக்கம் கிராமம். சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்கும் வேலை. கணவர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். எட்டு மாதமாக எனக்கு வாடையோடு வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். மருந்துக் கடையில் நாலு முறை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், குழுத் தவணை கட்ட முடியாது. நர்ஸம்மா எங்கள் தெருக்காரர். வெளியே தெரிந்தால் என் நடத்தையைத்தான் பேசுவார்கள். — பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

பிள்ளையின் கணக்கு நோட்டுத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். 'நடத்தை' என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டு, மூன்றாம் முறைதான் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதனால் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். கிருமிக்கு நடத்தை தெரியாது. புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

வெள்ளைப்படுவதெல்லாம் பால்வினை நோய் இல்லை. பூஞ்சைத் தொற்றாலும் வரும், சர்க்கரை இருந்தால் அது அடிக்கடி வரும். ஆனால் வாடையும் அடிவயிற்று வலியும் சேர்ந்து எட்டு மாதம் என்றால் இனியும் தள்ளிப்போடக் கூடாது. கொனோரியா, கிளமிடியா போன்ற கிருமிகள் கருப்பை வாயில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். கருக்குழாயை அடைத்துவிட்டால் அப்புறம் குழந்தை தங்காது. சிலருக்குக் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கடை மாத்திரை ஏன் கேட்கவில்லை? எந்தக் கிருமி என்று யாரும் பார்க்கவில்லை. அட்டையைக் கத்தரித்து இரண்டு, நாலு என்று கொடுத்திருப்பார்கள், முழு அளவு உள்ளே போயிருக்காது. அதைவிட முக்கியம், கணவர் மருந்து சாப்பிடவில்லை. ஆண்களுக்குப் பல நேரம் ஒரு தொந்தரவும் தெரியாது. அவருக்கும் தொற்று இருந்தால், அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அது உங்களுக்குத் திரும்ப வரலாம்.

நர்ஸம்மாவிடம் சொல்லத் தயக்கமா, சரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் 'சுகவாழ்வு மையம்' என்று பெயர். அதைக் கேட்டுப் போனால் எதற்கு வந்தீர்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அப்படியே 'நம்பிக்கை மைய'த்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. முடிவை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. போகும் முன் பேச வேண்டுமென்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097, கட்டணம் இல்லை. கூலி ஒரு நாள் போகத்தான் செய்யும். அது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன், தவணை நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நாலு முறை கடையில் கொடுத்த காசையும் வலியில் வேலைக்குப் போகாத நாட்களையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

கணவரிடம் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு உள்ளே கிருமி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்களும் மருந்து சாப்பிட்டாத்தான் எனக்குக் குணமாகுமாம்." பெங்களூர் அரசு மருத்துவமனையிலேயே அவர் பார்த்துக்கொள்ளலாம். இருவருக்கும் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை சேர வேண்டாம், அப்புறமும் ஆணுறை நல்லது. அவர் கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் வந்தாலோ, நாள் தள்ளியிருந்து வயிறு வலித்தாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். இல்லையென்றால் இந்த வாரத்தில் ஒரு நாள் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். அந்த மாத்திரை அட்டைத் துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் முந்தானையில் முடிந்து எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.