மாவுப்புழுவிலிருந்து புரதம் பிரிக்கும்போது ஏன் கறுத்துப்போகிறது?

பீனால் ஆக்ஸிடேஸ் நொதிதான் காரணம். பச்சைப் புழுவை அரைத்ததும் காற்றுப்பட்டு வேலையைத் தொடங்கிவிடும். நிறத்தோடு புரதத்தின் கரைதிறனும் கெடும். கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்தால் நொதி அடங்கும், கிருமிகளும் குறையும். அதிகம் வெந்தால் புரதம் இறுகிவிடும், பிறகு கரையாது. கரைதிறன்தான் முக்கியம் என்றால் வேகவைக்காமல், அரைக்கும் நீரிலேயே அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் சல்ஃபைட்டோ சேர்ப்பது மேல்.

உலர்த்திப் பொடித்தபின் எத்தனாலால் கொழுப்பை எடுங்கள். இதை விடவே கூடாது: உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு. அது பால்மமாகிப் பிரிப்பைக் கெடுக்கும், பொடியில் சிக்கு வாடையும் ஏறும்.

பொடிக்கு 10 மடங்கு நீர், சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 10, 40 டிகிரி செல்சியஸ், 1 மணி நேரக் கலக்கல். சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) போட்டால் புழுவின் மேலோட்டுப் பொருளான கைட்டின் அடியில் தங்கிவிடும். மேல்நீரை பிஹெச் 4.5க்கு இறக்கினால் புரதம் திரியும். கழுவி, 7க்குக் கொண்டுவந்து உலர்த்துங்கள். மகசூலுக்கு ஆசைப்பட்டு பிஹெச் 11ஐத் தாண்டினால் லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகி லைசினோஅலனைன் என்ற வேண்டாத சேர்மம் உருவாகும்.

புரத அளவை நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுவார்கள்; வழக்கம்போல் அதை 6.25ஆல் பெருக்கினால் கைட்டினிலுள்ள நைட்ரஜனும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடும். முழுப் புழுவுக்கு 4.76, பிரித்த புரதத்துக்கு 5.60 பொருந்தும்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதிலுள்ள டிரோபோமயோசின் என்ற தசைப் புரதமும் ஆபத்து. லேபிளில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.