தொழுவத்துக் கேள்விகள்: எட்டுக் கிடேரிக்கும் ஒரே தடவையில் சினை ஊசி

கேள்வி: எங்களிடம் 8 கலப்பினக் கிடேரிகள் இருக்கின்றன, 16, 17 மாதம் ஆகிறது. சினை ஊசி போடுகிறவர் பெகு டவுனிலிருந்து வர வேண்டும். ஒவ்வொன்றாகப் பருவத்துக்கு வந்தால் வண்டிச் செலவு கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர மருந்து இருக்கிறதாமே? மாடுகளைப் பார்த்துக்கொள்வது என் மருமகள். இப்போது முழுகாமல் இருக்கிறாள்.
– வாசகி, பெகு பக்கம்

பதில்: இருக்கிறது, தாயீ, புரோஸ்டாகிளாண்டின் என்ற ஊசி மருந்து. முதலில் மருமகள் விஷயம்: அந்த மருந்தை அவர் கையால் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்பில் இறங்கிக் கருவைக் கலைத்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கும் ஆகாது. டாக்டரே கையுறை போட்டு ஊசி போடட்டும்.

இனி மாட்டுக்கு வருவோம். கிடேரிக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை பருவம் வரும். கருமுட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி உருவாகி, அடுத்த பருவத்தை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். புரோஸ்டாகிளாண்டின் ஊசி அந்தக் கட்டியைக் கரைக்கிறது. 2 முதல் 5 நாளில் பருவம் வந்துவிடும். இன்னும் பருவமே அடையாத கிடேரிக்குக் கட்டி ஏது? அங்கே காசுதான் கரையும். அதனால் மருந்து வாங்குமுன் எடையைப் பாருங்கள். தாய் மாடு 250 வீசை (சுமார் 408 கிலோ) என்றால் கிடேரி 150 வீசையாவது (சுமார் 245 கிலோ) இருக்க வேண்டும். எலும்பு தெரிகிற கிடேரிக்கு இப்போதைக்கு எள்ளுப் பிண்ணாக்கும் தாது உப்பும் போதும்.

பருவம் முடிந்து முதல் 5 நாள் வரை அந்தக் கட்டி இளசு, ஊசிக்கு மசியாது. ஆகவே முதல் ஊசிக்கு எல்லாம் வராது. 11 நாள் விட்டு இரண்டாவது ஊசி போட்டால், பருவச் சுழற்சி ஓடுகிற கிடேரிகளில் பெரும்பாலானவை சேர்ந்து வரும். அப்போதும் ஒரே மணிக்கு வராது, இரண்டு மூன்று நாளில் பரவித்தான் வரும். ஆகவே ஊசிக்காரருக்கு இரண்டு நடையாவது வைத்துக்கொள்ளுங்கள். வாலடியில் சாக்கட்டி தேய்த்துவிட்டால் (மருமகள் முகத்தில் பூசுகிற தனக்காவை எடுத்துவிடாதீர்கள்) இரவில் எது மற்றதைத் தாங்கி நின்றது என்று காலையில் தெரியும்; அங்கே சாக்கட்டிப் பூச்சு அழிந்து, மயிர் கலைந்திருக்கும். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி. பருவத்தைப் பிடித்து வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உள்ள கருவியைக் கிடேரியின் பிறப்புறுப்புக்குள் 7 நாள் வைத்து எடுக்கிற முறையும் உண்டு. நன்றாக வேலை செய்யும், செலவுதான் கூட.

ஊர்க் காளையோடு மேய்ச்சலுக்குப் போன கிடேரியா? அப்படியானால் சினைப் பரிசோதனை செய்யாமல் இந்த ஊசியைப் போட விடாதீர்கள், சினையாக இருந்தால் கலைந்துவிடும்.

இன்னொன்று, 8 கிடேரியும் ஒரே வாரத்தில் ஈன்றால் யார் பார்ப்பது? மருமகள் அப்போது கைக்குழந்தையோடு இருப்பார். நான்கு நான்காகப் பிரித்துச் செய்யத்தான் சொல்வேன். ஜூலை 7 முதல் 10 வரை சினை ஊசி போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். 280 நாள் சினைக் கணக்குப் போட்டால் ஈற்று சரியாக ஏப்ரல் நடுவில், திங்யான் என்ற புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் வந்து நிற்கும். ஊரே தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும்போது தலைச்சன் கன்று மாட்டிக்கொண்டால் டாக்டரை எங்கே போய்த் தேடுவது? முதல் ஈற்றுக்கு ஜெர்சி மாதிரிச் சின்னக் கன்று போடும் இனத்தின் விந்தாகவே கேளுங்கள்.

கேள்வி: சினை ஊசி போட்டு இரண்டாம் நாள் கிடேரியின் வாலில் ரத்தம். கரு கலைந்துவிட்டதா?
– வாசகர், தட்டோன்

பதில்: இல்லை, தம்பி. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளில் இப்படிக் கொஞ்சம் ரத்தம் வருவது கிடேரிகளில் சகஜம். சினை பிடித்ததற்கும் அது அடையாளமில்லை, பிடிக்காததற்கும் இல்லை. பருவம் வந்த தேதியைக் குறித்து வைத்து, மறுபடி பருவம் வருகிறதா என்று 18ஆம் நாளிலிருந்து காலையும் சாயங்காலமும் நின்று கவனியுங்கள்.