வண்டி ப்ளூடூத் சந்தேகங்கள்: கனெக்டட்னு காட்டுது, ஆனா பாட்டு வரல

இந்த தடவ வந்த கேள்விங்க நிறைய வண்டி ப்ளூடூத் பத்திதான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பதில் போட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. போனும் செட்டும் (வண்டில இருக்கற மியூசிக் சிஸ்டம்) சேந்தா நமக்கு அது ஒரே கனெக்ஷனா தெரியுது, ஆனா உள்ள தனித்தனியா நாலஞ்சு லைன் ஓடுது. கால் பேச ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணு, ஸ்டீரிங் பட்டன்ல பாட்டு மாத்த ஒண்ணு, கான்டாக்ட் இழுக்க ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு. ஒண்ணு ஆன்ல இருக்கறப்பவே இன்னொண்ணு ஆஃப்ல இருக்கலாம். கீழ இருக்கற பல பிரச்சனைக்கு காரணமே இதுதான்.

கேள்வி: கால் வந்தா ஸ்பீக்கர்ல சூப்பரா கேக்குது, பாட்டு மட்டும் போன்லயே ஓடுது. செட் போயிடுச்சா? (சேலம்)

செட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆண்ட்ராய்டு போன்னா ப்ளூடூத் செட்டிங்ஸ்ல உங்க வண்டி பேருக்கு பக்கத்துல ஒரு சக்கரம் மாதிரி இருக்கும், அத தட்டுங்க, உள்ள கால்ஸ், மீடியா ஆடியோ, கான்டாக்ட்னு தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். மீடியா ஆடியோ ஆஃப்ல கெடக்கும், ஆன் பண்ணுங்க. அது ஏற்கனவே ஆன்ல இருந்தா செட்ல சோர்ஸ் எஃப்எம்லயோ யூஎஸ்பிலயோ நிக்குதான்னு பாருங்க. கால் வந்தா செட் தானா மாறிக்கும், பாட்டுக்கு நாமதான் ப்ளூடூத் சோர்ஸ மாத்தணும். மேப் சொல்ற வழி கேக்கலன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான், எஃப்எம் ஓடிட்டு இருந்தா மேப் பேசறது பல செட்ல கேக்காது.

கேள்வி: புது போன் வாங்கினேன் அண்ணா, வண்டியோட சேரவே மாட்டேங்குது. பழைய போன் ஒரே தட்டுல சேந்துச்சு. (திருப்பூர்)

முதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க, ஏன்னா நிறைய கம்பெனி செட்டுங்க வண்டி ஓடறப்ப புது போன சேக்கவே விடாது. அடுத்து செட்ல இருக்கற போன் லிஸ்ட பாருங்க, அஞ்சோ பத்தோதான் கொள்ளளவு இருக்கும், மச்சான் போன், டிரைவர் போன், ரெண்டு வருஷம் முன்னாடி தொலைச்ச போன் எல்லாம் அங்க உக்காந்துட்டு இருக்கும். அதெல்லாம் தூக்குங்க.

பாதி சேந்து பாதில நின்னுச்சுன்னா ரெண்டு பக்கமும் அழிக்கணும், இத நிறைய பேர் செய்யறதில்ல. முதல் தடவ சேரும்போது போனும் செட்டும் ஒரு ரகசிய சாவிய உண்டாக்கி ஆளுக்கு ஒரு பிரதி வச்சுக்கும். நீங்க போன்ல மட்டும் ஃபர்கெட் குடுத்தா செட் பழைய சாவியவே நீட்டிட்டு இருக்கும், போன் அத ஏத்துக்காது. போன்லயும் அழிச்சு, செட்லயும் அழிச்சு, வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு சேருங்க. சேக்கறப்ப போன்ல ப்ளூடூத் பேஜ் திறந்தே இருக்கட்டும், மூடினா வேற சாதனங்களுக்கு போன் கண்ணுல படாது. பழைய செட் பின் கேட்டா 0000 இல்ல 1234 போட்டு பாருங்க. 2007-ல வந்த ப்ளூடூத் 2.1-க்கு அப்புறம் பெரும்பாலும் ரெண்டு திரையிலயும் ஒரே ஆறு இலக்க நம்பர் வரும், ரெண்டும் ஒண்ணான்னு பாத்து ஓகே குடுத்தா போதும்.

கேள்வி: கான்டாக்ட்ல எல்லாரையும் தமிழ்லதான் சேவ் பண்ணி வச்சிருக்கேன் சார். வண்டி ஸ்க்ரீன்ல பேருக்கு பதிலா கட்டம் கட்டமா வருது. (தஞ்சாவூர்)

உங்க போன் மேல தப்பில்ல. செட் உங்க கான்டாக்ட தன் மெமரிக்கு இழுத்து தன்கிட்ட இருக்கற ஃபான்ட்ல காட்டுது, அதுல தமிழ் எழுத்தே இல்லன்னா கட்டம்தான் வரும். தமிழ்நாட்டுல விக்கிற வண்டில தமிழ் ஃபான்ட் வைக்க என்ன கேடுன்னு எனக்கும் தோணும். செட்டுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, சில சமயம் சரியாகும். நல்ல வழி, வண்டில ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஐபோனுக்கான கார்ப்ளேவோ இருந்தா அதுல ஓட்டறது, ஏன்னா அப்ப திரைய வரையறதே போன்தான், போன்ல தமிழ் இருக்கு, அதனால பேரும் ஒழுங்கா வரும். ரெண்டும் இல்லன்னா அடிக்கடி கூப்பிடற பத்து பேர மட்டும் ஆங்கில எழுத்துல மாத்திக்கங்க, மொத்த லிஸ்ட்டையும் மாத்த வேண்டாம்.

பேரே வராம வெறும் நம்பர் மட்டும் வந்தா அது வேற கதை. போன முதல்ல சேக்கறப்ப கான்டாக்ட், கால் ஹிஸ்டரிக்கு அனுமதி கேக்கும், நாம அவசரத்துல பாக்காம விட்டிருப்போம். அதே சக்கரத்துக்குள்ள போய் ஆன் பண்ணுங்க. ஐபோன்ல ப்ளூடூத்ல வண்டி பேருக்கு பக்கத்துல இருக்கற ஐ பட்டனுக்குள்ள சிங்க் கான்டாக்ட்ஸ்னு இருக்கும்.

கேள்வி: ஐபோன் கனெக்ட் ஆனதும் நான் கேக்காமயே ஒரு பாட்டு ஓடுது, தெனமும் அதே பாட்டு. மாமனார் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப மானம் போகுது.

செட் கனெக்ட் ஆன உடனே போனுக்கு ப்ளேன்னு ஒரு கட்டளை அனுப்புது. வேற ஆப் எதுவும் ஓடலன்னா ஐபோன் மியூசிக் லைப்ரரிய திறந்து, பெரும்பாலும் ஆங்கில எழுத்து வரிசைல முதல்ல இருக்கறத எடுத்து ஓட்டிடும், அதான் தெனமும் ஒரே பாட்டு. செட் மெனுல ஆட்டோ ப்ளே இருந்தா ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா ஷார்ட்கட்ஸ் ஆப்ல ஆட்டோமேஷன் போய், இந்த ப்ளூடூத் சேந்தா பாட்ட பாஸ் பண்ணுன்னு வச்சுக்கலாம். சோம்பேறி வழி ஒண்ணும் இருக்கு, அந்த பாட்ட லைப்ரரில இருந்து தூக்கிட்டு மாமனாருக்கு புடிச்ச பாட்டு எதையாவது வரிசைல முதல்ல வர்ற மாதிரி பாத்துக்கங்க.

கேள்வி: நான் பேசறது எதிர்ல இருக்கறவங்களுக்கு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்காம்.

மைக் எங்க இருக்குன்னு தேடுங்க, பெரும்பாலும் மேல ரூஃப் லைட் பக்கத்துல சின்ன ஓட்டையா இருக்கும். ஏசி காத்து அங்க அடிச்சா அவ்வளவுதான், வென்ட்ட கீழ திருப்புங்க, ஜன்னல ஏத்துங்க. வெளிய வாங்கி மாட்டின ஆண்ட்ராய்டு செட்டா இருந்தா செட் முகத்துல இருக்கற மைக்க நம்பாதீங்க, தனி மைக் வயரோட வரும், அத சன் வைசர் பக்கம் மாட்ட சொல்லுங்க. நிறைய கடைல அந்த வயர டேஷ்போர்டுக்கு பின்னாடி சுருட்டி விட்டுடறாங்க! மீதி செட்டோட வயச பொறுத்தது, பழைய செட்ல குரல் 8 கிலோஹெர்ட்ஸ்ல போகும், புதுசுல 16, அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

கேள்வி: வீட்டுக்காரரும் நானும் ஒரே வண்டில போனா எப்பவும் அவர் போன்தான் சேருது. என் போன்ல பாட்டு போடணும். (கோவை)

செட் தனக்கு கடைசியா பழகின போனையோ நீங்க முன்னுரிமை குடுத்த போனையோதான் முதல்ல தேடும், மெனுல அந்த முன்னுரிமைய உங்க பேருக்கு மாத்திடுங்க. ரெண்டு போன் தாங்கற செட்டா இருந்தா இன்னும் நல்லது, அவர் போன்ல மீடியா ஆடியோவ மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, கால் ஆன்லயே இருக்கட்டும். அவருக்கு கால் வரும், பாட்டு உங்களோடது. அவர்கிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

கேள்வி: ஒயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கே, ப்ளூடூத்த ஆஃப் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க. முதல்ல கை குடுக்கறது ப்ளூடூத்தான், அப்புறம்தான் மேப்பும் பாட்டும் வைஃபைக்கு மாறுது. அப்பக்கூட ஆண்ட்ராய்டுல கால் ப்ளூடூத் வழியாதான் போகும். பெரும்பாலான போன்ல ஆண்ட்ராய்டு 11 இல்ல அதுக்கு மேலயும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருக்கணும்.

கேள்வி: ப்ளூடூத்ல பேசினா ஃபைன் போடுவாங்களா?

2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகன சட்டம் 184-வது பிரிவு சொல்றது கைல புடிச்சு போன் பயன்படுத்தறத. ஆபத்தா ஓட்டினதா கேஸ் ஆனா முதல் தடவைக்கே 1,000-ல இருந்து 5,000 ரூபா வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டு. ஸ்டீரிங் பட்டன்ல எடுத்து பேசறது அதுல வராது, போன எடுத்து நம்பர் தேடறது வரும்.

கேள்வி: 2009 மாடல் வண்டி, செட்ல ப்ளூடூத்தே கெடையாது. சின்ன செலவுல ஏதாவது வழி? (சென்னை)

செட்ல ஆக்ஸ் ஓட்டை (ஹெட்போன் பின் சொருகற மாதிரி இருக்கறது) இருந்தா யோசிக்காம ஆக்ஸ்ல சொருகற ப்ளூடூத் ரிசீவர் வாங்குங்க. அது இல்லன்னா மட்டும் லைட்டர் சாக்கெட்ல மாட்டற எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர். சென்னைல 93.5, 98.3, 106.4 பக்கமே போகாதீங்க, ஸ்டேஷன் இல்லாத நம்பரா தேடி வைங்க, ஊர் தாண்டினா அந்த நம்பர்லயும் ஏதாவது ஸ்டேஷன் வந்து உக்காந்துக்கும், மறுபடி மாத்தணும். ரிசீவர் போட்டு ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ங்ங்ங்னு சத்தம் ஏறுச்சுன்னா ரிசீவர வண்டி சார்ஜர்ல இருந்து கழட்டி பவர் பேங்க்ல ஓட்டி பாருங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா ஆக்ஸ் வயருக்கு நடுவுல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (அந்த இரைச்சல தடுக்கற சின்ன டப்பா) போட்டா சரியாகிடும். ரிசீவர மாத்த வேண்டியதில்ல.

கேள்வி: வண்டிய விக்கறேன், ப்ளூடூத்ல எதாவது செய்யணுமா?

கண்டிப்பா. உங்க கான்டாக்டும் கால் லிஸ்ட்டும் செட் மெமரிலயே தங்கியிருக்கலாம். செட் மெனுல ஃபேக்டரி ரீசெட் குடுத்துட்டு சாவிய குடுங்க. வாடகை வண்டில போன சேத்திருந்தா அங்கயும் டெலீட் பண்ணிட்டு இறங்குங்க.